ரீஃபர் (குளிர்பெட்டி) வண்டியில் கூலிங் நிற்கவில்லையா? கேஸ் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

“அண்ணா, கூலிங் நிக்கலை, கொஞ்சம் கேஸ் போட்டு விடுங்க” என்பார் நம்மூர் டிரைவர். பாலக்காட்டுக்காரராக இருந்தால் “சேட்டா, தணுப்பில்ல, கேஸ் அடிக்கணும்”. வாளையாறுக்கு இந்தப் பக்கம், க.க.சாவடியில் பட்டறை போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு இரண்டும் ஒன்றுதான். என்ன நோய் என்று சொல்லாமலே மருந்துச்சீட்டை நீட்டுகிறார்கள். கேஸ் என்பது குளிர்விக்கும் வாயு, டீசல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. குறையாமல் இருக்கும்போது மேலே போட்டால் கம்ப்ரஸருக்குத்தான் கேடு. அதனால் இந்த வழிகாட்டியில் கேஜ் (பிரஷர் மீட்டர்) மாட்டும் வேலை பாதி தாண்டித்தான் வரும், அதற்கு முன்னால் பார்க்க நிறைய இருக்கிறது.

முதலில் எந்த யூனிட் என்று பாருங்கள்

இந்த ரோட்டில் ஓடுவது பெரும்பாலும் இரண்டு வகை. கோழிக்கறி, பால், ஐஸ்கிரீம் ஏற்றும் சின்ன வண்டிகளில் டைரக்ட் டிரைவ், அதாவது வண்டி எஞ்சினே பெல்ட் வழியாகக் கம்ப்ரஸரைச் சுற்றும், நடுவில் ஒரு கரண்ட் கிளட்ச். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து இறால் ஏற்றி வரும் பெரிய வண்டிகளிலும் டிரெய்லர்களிலும் முன்நெற்றியில் தனி டீசல் எஞ்சினோடு யூனிட் இருக்கும். தெர்மோ கிங்கில் யான்மார் எஞ்சின், கேரியரில் குபோட்டா எஞ்சின் என்று பார்த்துப் பழகியிருப்பீர்கள். கொச்சி வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகும் 40 அடி கன்டெய்னர் மூன்றாவது ரகம். அது ஜென்செட்டில் (டீசல் ஜெனரேட்டர்) ஓடும் மின்சார யூனிட், கேஸ் பக்கம் இதே கதைதான், ஆனால் கரண்ட் பக்கம் 440 வோல்ட், பழக்கமில்லாதவர் கை வைக்க வேண்டாம்.

யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். என்ன கேஸ், எத்தனை கிலோ, எத்தனை வோல்ட் என்று மூன்றும் அதில் இருக்கும். ஃப்ரோசன் வண்டிகளில் பெரும்பாலும் ஆர்-404ஏ, புது யூனிட்களில் ஆர்-452ஏ, சின்ன சில்லர்களில் ஆர்-134ஏ. கீழே நான் சொல்லும் பிரஷர் கணக்கெல்லாம் 404-க்கு, 134-க்கு அது பொருந்தாது.

கை வைப்பதற்கு முன்

டீசல் யூனிட் ஸ்டார்ட்-ஸ்டாப் மோடில் இருந்தால் அமைதியாக நிற்கும், பெட்டியில் வெப்பம் ஏறியதும் யாரையும் கேட்காமல் தானே ஸ்டார்ட் ஆகும். அந்த நேரத்தில் கை பெல்ட்டில் இருந்தால் விரல் மிஞ்சாது. சுவிட்சை ஆஃப் செய்வது மட்டும் போதாது, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டுத்தான் யூனிட் கதவைத் திறக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், திரவமாக இருக்கும் கேஸ் தோலில் பட்டால் தீப்புண் மாதிரியே உரியும். பெட்டிக்குள் ஏறும்போது வெளியே ஒரு ஆள் நிற்கட்டும், கதவைக் காற்று மூடிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

டிரைவரிடம் ஐந்து நிமிடம்

எப்போதிலிருந்து, லோடு ஏற்றியதிலிருந்தா அல்லது வழியிலா? பகலில் மட்டுமா, ராத்திரியிலுமா? கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, அப்புறம் விட்டு, திரும்பவும் பிடிக்கிறதா? ஏற்றும்போது சரக்கு எத்தனை டிகிரியில் இருந்தது? கடைசிக் கேள்விக்கு நிறையப் பேரிடம் பதில் இருக்காது, அதுவே பாதி பதில். ரீஃபர் யூனிட் குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கக் கட்டப்பட்டது, உறைய வைப்பதற்கு இல்லை. மைனஸ் 18-ல் போக வேண்டிய இறாலை மைனஸ் 8-ல், முன்கூட்டிக் குளிரவைக்காத சூடான பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, திருச்சூர் போவதற்குள் இறங்கவில்லை என்றால் யூனிட் என்ன செய்யும்? டேட்டா லாகர் இருந்தால் அந்தக் கோட்டைப் பாருங்கள். மெதுவாக ஏறியிருந்தால் காற்று அல்லது கேஸ் பக்கம் சந்தேகம், ஒரே இடத்தில் செங்குத்தாக ஏறியிருந்தால் யூனிட் நின்றிருக்கிறது அல்லது கதவு திறந்திருக்கிறது.

டிஸ்ப்ளேயில் அலாரம் கோடு இருந்தால் அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். தெர்மோ கிங்கில் 10 வந்தால் டிஸ்சார்ஜ் (கம்ப்ரஸரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கம்) பிரஷர் அதிகம், 17 எஞ்சின் சுற்றவே இல்லை, 18 எஞ்சின் சூடு, 19 ஆயில் பிரஷர் குறைவு, 20 சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. கோடு கை காட்டிவிடும், அவ்வளவுதான். காரணம் தேடுவது நம் வேலை.

பெட்டியைச் சந்தேகப்படுங்கள்

உள்ளே நின்று கதவை மூடச் சொல்லி வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பாருங்கள் (வெளியே ஆள் நிற்கச் சொன்னது இதற்கும்தான்). கதவு ரப்பரில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள், சுலபமாக வந்தால் அந்த இடம் போச்சு. தரையில் இருக்கும் வடிகால் குழாய்களின் முனையில் ரப்பர் மூக்கு இருக்கும், அது அறுந்து போனால் ஓடும் வேகத்துக்குச் சூடான காற்றும் ஈரமும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். பழைய பெட்டிகளில் பஃப் (சுவருக்குள் இருக்கும் இன்சுலேஷன் நுரை) தண்ணீர் குடித்திருக்கும். தட்டிப் பார்த்தால் சத்தம் மந்தமாக இருக்கும், வெளித் தகட்டில் சில இடம் மட்டும் வியர்க்கும். அதை எந்த யூனிட்டாலும் ஈடுகட்ட முடியாது என்று ஓனரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

சரக்கு அடுக்கிய விதமும் முக்கியம். கூரை வரை ஏற்றி, எவாப்பரேட்டர் (பெட்டிக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயில்) வாயையே அட்டைப்பெட்டியால் அடைத்து வருகிறவர்கள் உண்டு. யூனிட் தள்ளும் சப்ளை காற்று பின்கதவு வரை போய், சரக்கின் கீழ் வழியாக, யூனிட் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் வாய்க்கு வர வேண்டும். மேலே ஒரு கை அகலம், கீழே பாலெட் சந்து, முன்சுவரில் இடைவெளி மூன்றும் வேண்டும்.

காற்று: கூலிங் புகாரின் பாதி இங்கேதான்

கன்டென்சரில் (சூட்டை வெளியே விடும் காயில்) தொடங்குங்கள். இந்த ரோட்டில் ஒரு விசேஷம் உண்டு. பல்லடம் பக்கத்திலிருந்து கேரளாவுக்கு உயிர்க்கோழி வண்டிகள் வரிசையாகப் போகும், பின்னால் போகிற ரீஃபர் அந்தச் சிறகையெல்லாம் கன்டென்சரில் வாங்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், ஃபேனுக்கும் காயிலுக்கும் நடுவில் கையை விட்டால் ஒரு தலையணைக்கு ஆகிற மாதிரி வரும். கழுவும்போது காற்று போகும் திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே, சாதாரண ஹோஸில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பைக் காட்டினால் ஃபின் எல்லாம் மடிந்து, அழுக்கு போய் அடைப்பு வந்து சேரும்.

அடுத்து எவாப்பரேட்டர். ஐஸ் பிடித்திருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கிறதா, முழுக்கப் பாளமாக இருக்கிறதா? முழுக்க இருந்தால் டிஃப்ராஸ்ட் (ஐஸை உருக்கும் வேலை) சரியாக நடக்கவில்லை. கையால் டிஃப்ராஸ்ட் போட்டுப் பாருங்கள். ஹாட் கேஸ் (கம்ப்ரஸரிலிருந்து நேராக வரும் சூடான கேஸ்) சூடு காயிலுக்கு வருகிறதா, அந்த நேரம் டாம்பர் (காற்று வழியை அடைக்கும் தகடு) மூடுகிறதா அல்லது ஃபேன் நிற்கிறதா, காயில் சென்சார் 10 முதல் 15 டிகிரி வரை ஏறியதும் தானாக முடிகிறதா, உருகிய தண்ணீர் டிரெயின் குழாயில் வெளியே கொட்டுகிறதா. தண்ணீர் கொட்டவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. தட்டில் நின்ற தண்ணீர் திரும்ப உறைந்து, அடுத்த முறை இன்னும் மேலே ஏறும். ஐஸைக் கம்பியால் குத்தி எடுக்காதீர்கள். நான் தொழில் கற்ற புதிதில் குத்தினேன், காயிலில் ஓட்டை விழுந்து மொத்தக் கேஸும் முகத்துக்கு நேரே போனது, முதலாளி திட்டியது இப்போதும் காதில் இருக்கிறது.

ஃபேன் எல்லாம் சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். போன வருடம் சித்திரை வெயிலில் ஒரு கோழிக்கறி வண்டி வந்தது, டைரக்ட் டிரைவ், எவாப்பரேட்டரில் இரண்டு மோட்டார். இதற்கு முன் வேறொரு பட்டறையில் மூன்று முறை கேஸ் போட்டிருந்தார்கள். நான் கேஜ் எடுக்கவே இல்லை. பெட்டிக்குள் ஏறி ஒரு டிஷ்யூ பேப்பரை ஃபேன் முன்னால் பிடித்தேன். ஒரு ஃபேன் முன்னால் பேப்பர் வெளியே பறந்தது, மற்றதில் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. ஒரு மோட்டார் செத்திருக்கிறது. ஓடுகிற ஃபேன் தள்ளும் காற்று, பெட்டிக்குள் போகாமல் செத்த ஃபேன் ஓட்டை வழியாக அப்படியே திரும்பி வருகிறது. சென்சாரைச் சுற்றிலும் ஜில்லென்று இருக்கும், பின்கதவுப் பக்கம் கறி வியர்த்துக்கொண்டிருக்கும். கார்பன் பிரஷ் ஒரு ஜோடி மாற்றி, அதிகமாகப் போட்டிருந்த கேஸை எடுத்து அளவாக்கினேன். டிரைவர் அண்ணனுக்கு நம்பிக்கையே வரவில்லை, “கேஸ் போடலையா?” என்று ரசீது எழுதும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பெல்ட்டில் ஓடும் ஃபேனாக இருந்தால் பெல்ட் பளபளவென்று இருக்கிறதா பாருங்கள், பளபளத்தால் வழுக்குகிறது. ஸ்டாண்ட்-பை மோட்டார் (டீசலுக்குப் பதில் கரண்டில் ஓட்டும் மோட்டார்) உள்ள யூனிட்டை ராத்திரி ஐஸ் பிளாண்டில் கரண்டில் போட்டிருந்தார்கள் என்றால் ஃபேன் சுற்றும் திசையையும் பாருங்கள். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். டீசலில் ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கும், கரண்டில் மட்டும் பிரஷர் ஏறி டிரிப் ஆகும். தானே ஃபேஸ் திருத்திக்கொள்ளும் யூனிட்களும் உண்டு, எல்லாமே அப்படி இல்லை.

யூனிட் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால்

இது கூலிங் வேலையே இல்லை, டீசல் மெக்கானிக் வேலை. பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ். முனைகளில் பச்சை பூத்திருந்தால் சுடுதண்ணீர். சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டீசல் வருகிறதா, ஃபில்டர் அடைப்பா, லைனில் ஏர் பிடித்திருக்கிறதா, ஃப்யூவல் சாலினாய்டு இழுக்கிறதா, க்ளோ பிளக் சூடாகிறதா. யூனிட்டுக்குத் தனி டேங்க் என்பதை மறந்து வண்டி டேங்கைக் காட்டி “ஃபுல்லா இருக்குங்க” என்ற டிரைவரும் உண்டு.

டைரக்ட் டிரைவில் கிளட்ச் பிடிக்கவில்லை என்றால் கிளட்ச் வயரில் வோல்ட் பாருங்கள். வோல்ட் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் காயில் போயிருக்கும் அல்லது இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கும். வோல்ட்டே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் என்று பின்னால் போங்கள். பிரஷர் சுவிட்சை நேராகச் சேர்த்துவிட்டு அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம், அது திறந்திருக்கிறது என்றால் ஏதோ சொல்கிறது.

சென்சார்

யூனிட் நன்றாக ஓடுகிறது, டிஸ்ப்ளேயும் மைனஸ் 18 காட்டுகிறது, சரக்கு மட்டும் இளகுகிறதா? ஒரு குவளையில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு, சென்சார் முனையை நடுவில் வைத்துக் கலக்கிக்கொண்டே சில நிமிடம் பாருங்கள். 0 டிகிரிதான் வர வேண்டும். ரிட்டர்ன், சப்ளை இரண்டையும் ஒரே குவளையில் வைத்தால் எது பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். மல்டிமீட்டரில் பார்ப்பதானால், கேரியரின் பல சென்சார்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 0 டிகிரியில் 32 கிலோ ஓம் சொச்சம். மாற்றுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். மீன் வண்டிகளில் உப்புத்தண்ணீர் உள்ளே போய் முள் அரித்திருக்கும், சென்சார் மேல் தப்பே இருக்காது.

இப்போது கேஜ் மாட்டலாம்

யூனிட் நின்று நெடுநேரமாகி, எல்லாம் ஒரே சூட்டில் இருக்கும்போது முதல் ரீடிங். 30 டிகிரியில் 404 சுமார் 190 பிஎஸ்ஐ காட்டும். இதை வைத்துக் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவே முடியாது, உள்ளே ஒரு சொட்டுத் திரவம் மிச்சம் இருந்தாலும் அதே 190-தான். ஆனால் அதைவிட நன்றாக அதிகம் காட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, மிகக் குறைவாகக் காட்டினால் கேஸ் கிட்டத்தட்டக் காலி.

ஓடவிட்டுப் பெட்டி மைனஸ் 18 பக்கம் வரும்போது சக்ஷன் (கம்ப்ரஸர் கேஸை இழுக்கும் பக்கம்) 15 முதல் 25 பிஎஸ்ஐ, வெளியே 38 டிகிரி வெயிலில் டிஸ்சார்ஜ் 300 முதல் 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு யூனிட் மாறும், மேனுவல் இருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. பெட்டி சூடாக இருக்கும்போது பெரிய யூனிட்களில் திராட்டிலிங் வால்வு சக்ஷனைப் பிடித்து வைக்கும், அந்த நேர ரீடிங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டும் குறைவு, சைட் கிளாஸில் (திரவக் கேஸைப் பார்க்கும் கண்ணாடி) நுரை ஓடுகிறது, எவாப்பரேட்டரில் முதல் சில வளைவுகளில் மட்டும் பனி: இதுதான் உண்மையான கேஸ் குறைவு. சக்ஷன் வெற்றிடம் வரை இறங்குகிறது, சைட் கிளாஸ் தெளிவாக இருக்கிறது என்றால் அடைப்பு. டிரையரின் (கேஸில் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர்) இரண்டு முனையையும் கையால் தொடுங்கள், நுழையும் பக்கம் வெதுவெதுப்பாகவும் வெளியேறும் பக்கம் ஜில்லென்றும் இருந்தால் டிரையர்தான். இரண்டும் ஒரே சூடு என்றால் சந்தேகம் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு (எவாப்பரேட்டருக்குள் திரவக் கேஸை அளந்து விடும் வால்வு) போகும், அதன் பல்பு சக்ஷன் குழாயில் இறுக்கமாகக் கட்டியிருக்கிறதா, மேலே இன்சுலேஷன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வால்வைத் திட்டுங்கள்.

கொஞ்ச நேரம் கூலிங், கொஞ்ச நேரம் இல்லை, திரும்ப வருகிறது என்று டிரைவர் சொன்னாரே, அது பெரும்பாலும் ஈரம். உள்ளே இருக்கும் தண்ணீர் எக்ஸ்பான்ஷன் வால்வு வாயில் உறைந்து அடைக்கும், சூடானதும் உருகி விடும். அடைத்திருக்கும் நேரத்தில் வால்வு மேல் சுடுதண்ணீர்த் துணியைச் சுற்றுங்கள். சில நொடியில் ‘உஸ்’ என்று சத்தம் வந்து சக்ஷன் ஏறினால் உறுதி.

டிஸ்சார்ஜ் அதிகம் என்றால் கன்டென்சர் அழுக்கு, ஃபேன், அதிகக் கேஸ், உள்ளே காற்று, இந்த வரிசையில் பாருங்கள். பெரும்பாலான 404 யூனிட்களில் 470 பிஎஸ்ஐ பக்கம் போனால் கட்-அவுட் நிறுத்திவிடும். குதிரான் மேட்டில் சுரங்கம் வருவதற்கு முன் மணிக்கணக்கில் நிற்கும் காலத்தில் இந்த அலாரத்தோடு எத்தனையோ வண்டிகள் வந்தன, 2021-க்குப் பிறகு குறைந்துவிட்டது.

சக்ஷன் அதிகம், டிஸ்சார்ஜ் குறைவு என்றால் கம்ப்ரஸர் வால்வு போயிருக்கலாம். கம்ப்ரஸர் மாற்றச் சொல்வதற்கு முன் ஹாட் கேஸ் வால்வோ த்ரீ-வே வால்வோ (கூலிங், டிஃப்ராஸ்ட் மாற்றும் வால்வு) உள்ளே கசிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கூலிங்கில் ஓடும்போது ஹாட் கேஸ் லைன், வால்வைத் தாண்டியும் சூடாக இருந்தால் கசிகிறது. வால்வு விலை எங்கே, கம்ப்ரஸர் விலை எங்கே.

லீக் தேடுவது

கேஸ் போகும் இடத்தில் ஆயிலும் கசியும், ஆயிலில் தூசி ஒட்டும். அதனால் கழுவுவதற்கு முன்பே டார்ச் அடித்துக் கறுத்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹோஸ் முனைகள், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல், சர்வீஸ் போர்ட் பின், குழாய் கிளாம்பில் உரசும் இடம், கன்டென்சர் வளைவுகள். மீன் வண்டி என்றால் எவாப்பரேட்டரை முதலில் சந்தேகப்படுங்கள், உப்பு அரித்து ஊசிமுனை ஓட்டை விழும்.

அகப்படவில்லை என்றால் கேஸை மீட்புச் சிலிண்டரில் எடுத்துவிட்டு, ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜன் 150 முதல் 200 பிஎஸ்ஐ ஏற்றி சோப்பு நுரை போடுங்கள். ஆக்ஸிஜனை ஏற்றவே கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். கேஸை வெளியே திறந்துவிடுவதும் வேண்டாம், 404 கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 3,900 மடங்கு பூமியைச் சூடாக்கும் சரக்கு.

ஒட்டும் வேலை, வேக்குவம், கேஸ்

உள்ளே கேஸ் மிச்சம் இருக்கும்போது ஒட்டும் டார்ச் நெருப்பைக் காட்டினால் விஷப்புகை வரும். நைட்ரஜனை மெதுவாக ஓடவிட்டே பிரேசிங் செய்யுங்கள், இல்லையென்றால் குழாய்க்குள் கரி உரிந்து அடுத்த வாரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் வந்து நிற்கும். பெட்டிச் சுவர் பக்கம் ஈரச்சாக்கு மறைப்பு, கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான்; பஃப் பற்றினால் நிமிடத்தில் வண்டி போய்விடும்.

லைனைத் திறந்தாலே டிரையர் புதிது. பிஓஇ ஆயில் (கம்ப்ரஸருக்கு ஊற்றும் ஆயில்) காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பாதி டப்பாவை மூடி வைத்து அடுத்த மாதம் ஊற்றாதீர்கள். வேக்குவம் 500 மைக்ரான் வரை இறங்கட்டும், மைக்ரான் கேஜ் வாங்க மனசு வராதவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம், ஆனால் மேனிஃபோல்டு முள்ளில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பம்பை மூடிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம், ஏறிக்கொண்டே போனால் இன்னும் லீக்.

404 மூன்று கேஸ்களின் கலவை, அதனால் ஆவியாக ஏற்றினால் அளவு மாறும். சிலிண்டரிலிருந்து திரவமாக, யூனிட் நிற்கும்போது ரிசீவர் (திரவக் கேஸ் தங்கும் தொட்டி) பக்கம், தராசில் வைத்து, தகட்டில் போட்ட எடைக்கு ஏற்றுங்கள். ஓடும்போது சக்ஷனில் திரவம் விட்டால் கம்ப்ரஸர் வால்வு நொறுங்கும்.

வண்டியை அனுப்புவதற்கு முன்

பெட்டி காலியாக, கதவு மூடி, செட் பாயின்ட் மைனஸ் 20 வைத்து ஓடவிடுங்கள். இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ரிட்டர்னுக்கும் சப்ளைக்கும் நாலைந்து டிகிரியாவது வித்தியாசம் இருக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு டெம்பரேச்சரும் இரண்டு பிரஷரும் நோட்டில் எழுதுங்கள், கடைசியில் ஒரு டிஃப்ராஸ்ட் போட்டு முடித்துத் திரும்பக் கூலிங்குக்கு வருகிறதா பாருங்கள். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து டிரைவருக்கு அனுப்பிவிடுவேன். ஆறு மாதம் கழித்து வேறு யாராவது “கேஸ் கம்மிங்க” என்று சொன்னால், அந்த போட்டோவைக் காட்டி எவ்வளவு கம்மி என்று கேட்கட்டும்.